நாய்க்குக் கூடப் பேர் உண்டு

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே கண்டெடுத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. அதாவது 7-ஆம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. அவன் ராஜாவுமல்ல, ரிஷியுமல்ல. கூடவே ஒரு நாயும் செதுக்கியிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பேர் கோவிவன் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

தோழர்களே! இனி உங்கள் ஊர் ஸ்தலபுராணத்தை எடுத்துப் பாருங்கள். இந்திரன் சாபம் தீர்ந்த கதை இருக்கும். எந்த வருஷம் என்று கேட்டால் யுகக் கணக்கு வரும். உழுதவன், மாடு மேய்த்தவன் ஒருவன் பேராவது அதில் உண்டா? நாய்க்கு இருந்த யோக்கியதை கூட நம் பாட்டன்மார்களுக்கு அங்கே இல்லை.

தொல்லியல் துறையார் இக்கற்களைத் தேடி 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புஸ்தகம் போட்டார்கள். அதோடு கற்கள் தீர்ந்து போய்விடவில்லை. இன்னும் ஜில்லா ஜில்லாவாய்த் தேடி அலைகிறவர்களில் பள்ளிக்கூட வாத்தியார்களும், சர்க்கார் சிப்பந்திகளும், ஞாயிற்றுக்கிழமையில் சொந்தக் காசில் பஸ் ஏறுகிற வாலிபர்களும் இருக்கிறார்கள். முள்ளை வெட்டி, கல்லைக் கழுவி, ஈரக்காகிதம் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுக்கிறார்கள். கூலி? “புதையல் தோண்ட வந்தவன்” என்ற பட்டந்தான்!

நடுகல்லையே வேடியப்பன் என்று கும்பிடும் ஊர்களில் சங்கடம் வேறு விதம். எண்ணெயும் மஞ்சளும் அப்பி எழுத்தை மூடிவிட்டு, “சாமியைத் தொடாதே” என்கிறார்கள். வேடியப்பன் வைகுண்டத்திலிருந்து இறங்கினவனா? ஊர் மாட்டைக் காக்க உயிர் விட்ட உங்களைப் போன்ற ஒருவன்தானே!

நிற்க, நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. “சாமிக்கல்தானே, உடைந்தால் என்ன?” என்று நானே ஒரு காலத்தில் மேடையில் பேசியிருக்கிறேன். அது தப்பு. கல்லைக் கும்பிடுவது மடமையானால், படிக்காமல் உடைப்பது அதற்குக் குறைந்த மடமையல்ல. நம் கட்சிக்கு வேண்டிய சாட்சியத்தை நாமே ஜல்லியாக்குவதா?

ஆகவே, ஏரிக்கரையிலோ துணி துவைக்கும் துறையிலோ உருவமோ எழுத்தோ உள்ள கல்லைக் கண்டால் பெயிண்ட் அடிக்காதீர்கள், சிமெண்டு பூசாதீர்கள், பெயர்த்து நகர்த்தாதீர்கள். கிடக்கிற இடத்திலேயே போட்டோ எடுத்து, தாசில்தாருக்கும் பக்கத்து அரசு மியூசியத்துக்கும் எழுதுங்கள். தொண்டர்கள் தேடி வந்தால் வழி காட்டுங்கள். ஒரு குடம் தண்ணீரும் கொடுங்கள், கல்லைக் கழுவ அதுதான் முதலில் வேண்டும்.