வெண்மையின் விலை

விடுதி நண்பரொருவர் என் பனியனைத் தொட்டுப் பார்த்து, "உங்கள் ஊர்ச் சரக்கா? பால்போல் இருக்கிறதே!" என்று வியந்தார். திருப்பூர்க்காரனான எனக்குப் பெருமைதான். ஆயினும் அந்த வெண்மை வந்த வழியை எண்ணினால் நெஞ்சு உறுத்துகிறது.

பருத்தியின் இயற்கை நிறம் பெரும்பாலும் பழுப்பேறிய வெண்மை. அதை வெளுக்க இரு வழிகள் பெருவழக்கு. ஒன்று, 1799-இல் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற சலவைத்தூளும் அதன் இனமான ஹைப்போகுளோரைட்டும். அடுப்பு வேண்டாம், குளிர்ந்த நீரே போதும், மலிவு. ஆனால் கரைசலின் காரம் குறைந்தால் நூலின் வலுவைத் தின்றுவிடும். எஞ்சிய குளோரின் துணியை மஞ்சளாக்கும். கழிவிலோ, கரிமப் பொருளோடு குளோரின் கூடிய நஞ்சு!

மற்றது, 1818-இல் தெனார் கண்ட ஹைட்ரஜன் பெராக்சைடு. கொதிநிலையை ஒட்டிய வெப்பம் கேட்கும். துணியில் இரும்புத் துரு இருந்தால் அங்கே ஓட்டை விழும். எனினும் அது சிதைந்தால் எஞ்சுவது நீரும் ஆக்சிஜனுமே. ஆகவே என் வாக்கு பெராக்சைடுக்கே.

அதுவும் முழுத் தூய்மையன்று. உடன் சேர்க்கும் காரம் கழிவில் கலக்கிறது. சுத்திகரிப்பு எதற்கும் இன்றியமையாதது. அதில் தவறியதால்தான் 2011 சனவரியில் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நாம் மிச்சம் பிடித்த காசு நொய்யலின் தலையில் ஏற்றிய கடன் அல்லவா?

வேதியியல் பயிலும் தோழர்களே! நாளை ஆலைகளில் அமரப் போகிறவர்கள் நீங்கள். கிலோவுக்கு என்ன விலை என்று கேட்குமுன், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.