இயற்கையை மீட்கத் தனியார் பணம்: யாருடைய நிபந்தனையில்?

2022 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சீரழிந்த காடு, சதுப்புநிலம், கடற்கரை ஆகியவற்றில் குறைந்தது 30 சதவீதத்தில் 2030க்குள் மீட்புப் பணி நடந்தாக வேண்டும். இயற்கையைக் காக்க ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்ட வேண்டும். அரசுகளின் கஜானா மட்டும் இதற்குப் போதாது என்பதால் வங்கிகள், முதலீட்டு நிறுவனங்கள், செல்வந்தர்கள் ஆகியோரின் பணமும் வர வேண்டும் என்ற பேச்சு அன்றிலிருந்து வலுத்து வருகிறது.

ஆனால், உலகில் பணத்துக்கா பஞ்சம்? ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2023இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இயற்கையை நேரடியாகச் சிதைக்கும் தொழில்களுக்கும் மானியங்களுக்கும் ஓராண்டில் செல்லும் பணம் ஏறத்தாழ 7 லட்சம் கோடி டாலர். அதில் தனியார் பங்கு மட்டும் 5 லட்சம் கோடி. இயற்கையைச் சீர்செய்யும் பணிகளுக்குத் தனியார் தருவதோ சுமார் 3,500 கோடி டாலர். அதாவது ஒரு கையால் ஒரு ரூபாய் கொடுத்து, மறுகையால் 140 ரூபாய்க்கு அழிக்கிறோம்.

நிலத்திலும் கடலிலும் தோன்றும் சீர்கேடு மனிதக் கரங்கள் சம்பாதித்தது என்று அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் எச்சரிப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து நாம் சிந்திக்க வேண்டும்.

தனியார் ஏன் தயங்குகிறார்கள்?

ஒரு குளத்தைத் தூர்வாரினால் சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளிலும் நீர் ஊறும். அலையாத்திக் காட்டை வளர்த்தால் மீன்வளம் பெருகும், புயலின் வேகம் தணியும். பலன் ஊருக்கே கிடைக்கிறது. ஆனால் பணம் போட்டவர் யாரிடம் போய் வசூலிப்பார்? காடு வளர இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். வட்டிக்குக் கொடுத்தவரோ முதல் ஆண்டிலேயே தவணையை எதிர்பார்ப்பார். வட்டிக்கடனின் அவசரமும் மரத்தின் நிதானமும் ஒத்துப்போவதில்லை.

இந்தச் சிக்கலுக்குச் சந்தை கண்ட வழிகளில் ஒன்று கார்பன் கிரெடிட். ஒரு காட்டை அழியாமல் காத்ததாகக் கணக்குக் காட்டி, அதைச் சான்றிதழாக்கி, புகை கக்கும் நிறுவனங்களுக்கு விற்பது. 2023 ஜனவரியில் பிரிட்டனின் 'தி கார்டியன்' உள்ளிட்ட ஊடகங்கள், பெரிய சான்றளிப்பு அமைப்பான வெரா அங்கீகரித்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் உண்மையான பலனைத் தந்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதின. அந்த அமைப்பு இதை மறுத்தது. சர்ச்சை எப்படியிருந்தாலும், கைவசம் இல்லாததை விற்கக் கூடாது என்றும், 'ஃகரர்' எனப்படும் நிச்சயமின்மை கொண்ட வியாபாரம் கூடாது என்றும் மார்க்கம் ஏன் தடுத்தது என்பதை இது நமக்குப் புரியவைக்கிறது.

குறை மேற்குலகின் மீது மட்டுமல்ல. அதே 2023இல் துபையைச் சேர்ந்த புளூ கார்பன் நிறுவனம், ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் காட்டை, அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை, கார்பன் வணிகத்துக்குக் கொண்டுவர ஒப்பந்தம் பேசியது. தலைமுறைகளாக அந்த நிலத்தில் வாழும் மக்களின் உரிமை என்னவாகும் என்று அங்குள்ள அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. முஸ்லிம் நாட்டின் பணம் என்பதாலேயே அது நீதியான பணம் ஆகிவிடாது.

பசுமை சுகூக்

வட்டியில்லா நிதித்துறையும் இக்களத்தில் இருக்கிறது. உலகின் முதல் பசுமை சுகூக் 2017இல் மலேசியாவில் ஒரு சூரிய மின் திட்டத்துக்காக வெளியிடப்பட்டது. 2018 மார்ச்சில் இந்தோனேசிய அரசு 125 கோடி டாலருக்குப் பசுமை சுகூக் வெளியிட்டது. ஓர் அரசு இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 2019இல் சாதாரணக் குடும்பங்களும் பத்து லட்சம் இந்தோனேசிய ரூபியாவில் தொடங்கி வாங்கும் வகையில் சில்லறை விற்பனையும் நடந்தது.

பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனாலும் பசுமை சுகூக் பணம் பெரிதும் நாடுவது சூரிய மின்சாரம், ரயில்பாதை போன்ற, வருமானம் கண்ணுக்குத் தெரியும் பணிகளையே. சதுப்புநிலமும் காடும் இங்கும் வரிசையின் கடைசியில்தான் நிற்கின்றன.

பொறுமையான பணம் எது?

கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டது புகாரியில் பதிவாகியுள்ளது. மூலத்தை அப்படியே வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபியவர்கள் வழிகாட்டினார்கள். அந்த நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுரிமையாக்கவோ முடியாது. அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம்.

மூலம் குறையாமல் பலனை மட்டும் அனுபவிப்பது: இன்று 'மீளுருவாக்கப் பொருளாதாரம்' என்று பெயர் சூட்டிப் பேசுவதன் சாரமும் இதுதான். தவணைக் கெடு இல்லாத பணம் வக்ஃபு.

இதற்கு நடைமுறை உதாரணமும் உண்டு. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் ஜந்தோ பகுதியில், மக்கள் தந்த வக்ஃபு நிதியில் தரிசு நிலத்தை வாங்கி மரம் வளர்த்து 'வக்ஃபு காடு' உருவாக்கியிருக்கிறார்கள். அந்நாட்டு அரசு 2020இல் ரொக்க வக்ஃபை சுகூக்கில் முதலீடு செய்து, அதன் வருமானத்தை ஒரு கண் மருத்துவமனையில் ஏழைகளின் சிகிச்சைக்குத் தந்தது. இதே முறையில் ஒரு காட்டுக்கோ ஏரிக்கோ ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவு கிடைக்கச் செய்ய முடியாதா?

நம் பங்கு

இந்தியாவில் வட்டியில்லா வங்கி முறையை முன்னெடுப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் முடிவெடுத்தது. எனவே இங்குள்ள குடும்பங்களுக்குப் பசுமை சுகூக் எட்டாக்கனியாகவே இருக்கிறது. மலேசியாவிலும் வளைகுடாவிலும் வாழும் நம் உறவுகளுக்கு வாய்ப்பு உண்டு. அவர்கள் 'பசுமை' என்ற முத்திரையை மட்டும் நம்பாமல் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். விற்கப்படுவது உண்மையில் இருக்கிறதா? நட்டம் வந்தால் யார் சுமப்பது? அந்த மண்ணில் வாழ்பவர்களின் சம்மதமும் பங்கும் உண்டா?

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. நம் ஜமாஅத்துகளின் பொறுப்பில் குளங்கள், கப்ருஸ்தான்கள், தோப்புகள், சும்மா கிடக்கும் வக்ஃபு நிலங்கள் உள்ளன. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கட்டட நிதியோடு ஒரு குளத்தின் கணக்கும் பேசப்படட்டும். வரவு செலவு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். மரம் நட்டு, அதிலிருந்து பறவையும் மனிதரும் விலங்கும் உண்பது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை அறிந்த சமுதாயம் நாம். உலக மாநாடுகள் முடிவெடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மூலத்தைக் காத்துப் பலனைப் பகிரும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!