வாசிப்பாரற்ற கற்கள்

பாடசாலை விடுமுறை நெருங்குந்தோறும் கொழும்பை நோக்கி மாணவர் கூட்டங்கள் புறப்படுகின்றன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலைநாடு எனப் பல திசைகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் துறைமுகம், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, காலி முகத்திடல் அனைத்தையும் ஒரே பகலிற் கண்டு திரும்புகின்றனர். அவர்கள் கண்டது யாது? கற்றது யாது? இவ்வினாவை ஆசிரிய உலகின் முன் வைப்பதே இவ்வாரம் என் நோக்கம்.

அநுராதபுரம்போல் வானளாவிய தாதுகோபங்கள் கொழும்பில் இல்லை. பாராளுமன்றமும் 1982இல் கோட்டே நகருக்குப் பெயர்ந்துவிட்டது. எனினும், இந்நகரின் வரலாறு அதன் பெயர்களிலேயே தொடங்குகிறது. ‘கோட்டை’ என்கிறோம், ஆனால் அங்கே கோட்டை எங்கே? அதன் மதில்களை ஆங்கிலேயர் 1869ஆம் ஆண்டளவில் இடிக்கத் தொடங்கினர். மதில் மறைந்தது, மதிலுக்குப் புறம்பே இருந்த பகுதிக்குப் புறக்கோட்டை என்ற பெயர் மட்டும் நிலைத்தது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பறிக்க ஒல்லாந்தர் இட்ட முற்றுகையில் மாண்ட தளபதி ஹுல்ப்டின் பெயரை, நீதிமன்றங்கள் சூழ்ந்த பகுதி இன்றும் ஆங்கிலத்தில் தாங்கி நிற்கிறது. தமிழர் நாவில் அது புதுக்கடை. ஒரே இடத்துக்கு இரண்டு நினைவுகள்!

பெயர்களுக்கு அடுத்தவை கட்டடங்கள். 1749இல் தொடங்கி 1757இல் நிறைவெய்திய வுல்பெண்டால் தேவாலயத்தின் தளத்தில் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நிற்கிறது. கோட்டைப் பகுதியில் நடுத்தெருவில் உயர்ந்துள்ள மணிக்கூட்டுக் கோபுரம் 1867 முதல் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. சுற்றிலும் கட்டடங்கள் ஓங்கி ஒளியை மறைக்கவே, பின்னர் அப்பணியிலிருந்து ஓய்வு பெற்றது. நகரம் எவ்வாறு வளர்ந்தது என்பதை விளக்க இதனினும் எளிய பாடம் வேண்டுமோ?

ஆயினும், தமிழ் மாணவன் ஒருவன் கொழும்பில் ஒன்றை மட்டுமே காணலாம் என்றால் நான் அவனை அழைத்துச் செல்லுமிடம் 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையே. அங்கே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகள் பொறித்த கல் ஒன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புற்ற அக்கல்லில் உள்ள காலக்குறிப்பு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனப் பகுதி புத்தபிரானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில்கொண்டிருந்த தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே.

இது பக்தி மட்டுந்தானா, அரச தந்திரமும் கலந்ததா என்று மாணவன் கேட்கட்டும், கேட்கவே வேண்டும். அதே செங் ஹோவின் படை சில ஆண்டுகளுள் இலங்கையில் போரிட்டு, இங்கிருந்த ஆட்சித் தலைவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றது. எவ்வாறாயினும் ஓர் உண்மை மறையாது. இத்தீவின் கரையில் இறங்குவோர் தமிழிலும் பேச வேண்டும் என்பதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தூரதேசத்து அரசொன்று உணர்ந்திருந்தது. மொழியாலும் மதத்தாலும் பிளவுண்டு, குருதி சிந்திய ஒரு நாட்டின் பிள்ளைகள் இக்கல்லின் முன் சற்றே நிற்பது வீண்பொழுதாகுமா?

அண்மையில் அங்கே ஒரு மாணவர் குழுவைக் கண்டேன். ‘விரைவாக நடவுங்கள், பஸ் காத்திருக்கிறது’ என்ற குரல் பின்னே ஒலிக்க, அக்கல்லைக் கடந்து அவர்கள் போயினர். ஒரு சிறுமி மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விடை சொல்ல எவரும் நிற்கவில்லை.

ஆசிரியர்மீது குறை சொல்வது என் கருத்தன்று. வழி நெடிது, செலவு பெரிது, எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமென்று பெற்றோரும் விரும்புகின்றனர். ஆனால் பத்து இடங்களை ஓடிக் காண்பதினும் இரண்டு இடங்களை நின்று காண்பது மேலன்றோ? புறப்படுமுன் ஒரு பாடவேளையை ஒதுக்கிக் காணப்போகும் இடத்தின் கதையைச் சொல்லலாம். ஒவ்வொரு மாணவனும் ஒரு கேள்வியோடு வரலாம். ஊர் திரும்பியபின் ஒரு பக்கம் எழுதலாம். அப்பக்கங்களைத் தொகுத்தால் அடுத்த ஆண்டு வருவோர்க்கு அதுவே வழிகாட்டி நூலாகும். இலக்கிய வட்டங்களும் தம் கூட்டங்களில் ஒன்றையேனும் இத்தகைய இடங்களில் நடத்தலாமே.

அம்மும்மொழிக் கல் 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துப் பக்கம் கீழாக மதகொன்றை மூடிக் கிடந்தது. எத்தனை கால்கள் அதன்மேல் நடந்தனவோ! எழுத்திருந்தும் வாசிப்பார் இல்லையேல், கல்வெட்டும் வெறும் மூடுகல்லே. நூதனசாலையில் நிமிர்த்தி வைத்துவிட்டதால் மட்டும் அந்நிலை மாறிவிடாது. மாற்ற வல்லவர்கள் நம் ஆசிரியர்களே.