பூட்டைத் திறப்பவன் திருடனா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திருநீர்மலையில் எங்கள் தெருவுக்கு முதன்முதலில் வீடியோ கேம் பெட்டி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அது 2015ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. ஒயர்மேன் வேலை பார்க்கும் என் சித்தப்பா, ரிச்சி தெருவிலிருந்து பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றை வாங்கி வந்தார். “சிப் போட்டது, எந்த வட்டு போட்டாலும் ஓடும்” என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினாராம்.

நண்பர்களே, அந்தச் சிப் நமக்கு நன்மையா, தீமையா?

அது செய்யும் வேலை எளிது. அசல் வட்டில் மட்டும் இருக்கும் ஓர் அடையாளத்தை இயந்திரம் தேடும். நாம் படியெடுக்கும் வட்டில் அது வராது. சிப் குறுக்கே புகுந்து, “இருக்கிறது” என்று பொய்ச்சாட்சி சொல்லிவிடும்! ஆகவே படி வட்டும் ஓடும். வேறு நாட்டில் விற்ற அசல் வட்டும் ஓடும். ஆம், பிற நாட்டு அசல் வட்டு ஓடாதபடியும் நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய வட்டுக்கும் பூட்டா? ஆஸ்திரேலியாவில் சிப் பொருத்திக் கொடுத்த ஒருவர்மீது சோனி தொடுத்த வழக்கில், 2005இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அங்கே சட்டத்தை இறுக்கினார்கள். அப்போதும் இந்த நாட்டுப் பூட்டுக்கு மட்டும் பாதுகாப்புத் தரவில்லை.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, பிறர் உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. நோக்கத்துடன்! அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் நோக்கம் என்ன? மறைப்பானேன், ஐம்பது ரூபாய்ப் படி வட்டுகளைத்தான் அடுக்கி வைத்திருந்தோம். ஐதராபாத் நிறுவனம் ஒன்று இதே பெட்டிக்காக உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற விளையாட்டு 2009இல் வெளிவந்தது. எங்கள் தெருவில் யாரிடமும் அதன் அசல் வட்டை நான் கண்டதில்லை. ஐம்பது ரூபாய்க்கு உலகத்து விளையாட்டெல்லாம் கிடைக்கும்போது, நம்மவர் செய்ததை யார் விலை கொடுத்து வாங்குவார்? இந்தக் குற்றத்தைச் சிப்பின் தலையில் கட்ட மாட்டேன். படி வட்டு விற்றவரும் வாங்கிய நாங்களுமே பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சித்தப்பா மூடியைக் கழற்றி, “இதோ பார், இதுதான் லென்ஸ்” என்று காட்டிய அன்றுதான் இயற்பியல் ஆசை முளைத்தது. பூட்டிய பெட்டி யாருக்கு என்ன கற்றுத் தரும்?

அந்த லென்ஸ் சென்ற ஆண்டு மங்கிவிட்டது. சோனியோ அந்தப் பெட்டியின் தயாரிப்பை 2013லேயே நிறுத்திவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே அசல் வட்டு, சித்தப்பா ஒரு நாள் கூலியைக் கொடுத்து வாங்கிய கிரிக்கெட் வட்டு. பெட்டி இப்போது அதைப் படிப்பதில்லை. கணினியில் படியெடுத்து, பென் டிரைவ் வழியாக ஓட்டுகிறேன். பூட்டைத் திறந்த பெட்டியாதலால் ஓடுகிறது. ஞாயிறுதோறும் சித்தப்பாதான் முதலில் பேட்டிங்.