இடிப்பதா புதுமை?

பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளிக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை எழுப்பி, அதன் நெற்றியில் 'பசுங்கட்டடம்' என்று பலகை மாட்டிவிட்டால் அறிவு வளர்ந்துவிட்டதாகக் களிப்பார் பலர். சமயக் கட்டடத்துள் அலுவலகம் புகுவது தீட்டு என்று கூக்குரலிடுவார் வேறு சிலர். இவ்விரு திறத்தார்க்கும் பிரெஞ்சு நாட்டுக் கான் நகரம் செயலால் விடையிறுத்துள்ளது.

1066-இல் இங்கிலாந்தை வென்ற நோர்மாந்தித் தலைவன் வில்லியம், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்நகரில் துறவியர்க்கென ஒரு மடம் நிறுவினான். 1087-இல் இறந்த அவன் உடல் அம்மடத்துக் கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. துறவியர் உறையுள்கள் 18-ஆம் நூற்றாண்டில் புதுக்கிக் கட்டப்பெற்றன. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த புரட்சி துறவியரை வெளியேற்றியது. உடனே கடப்பாரை தூக்கினரா? இல்லை, பின்னர் அதைப் பள்ளிக்கூடமாக்கினர். 1944-இல் போர்க்குண்டுகள் நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியபோது, ஆயிரக்கணக்கானோர் அம்மடத்துள் அடைக்கலம் புகுந்து உயிர் பிழைத்தனர்.

1965 முதல் அவ்வுறையுள்களே நகராட்சி மன்றம். கோயில் கோயிலாகவே நிற்கின்றது. அடுத்த சுவருக்குள் பிறப்பும் இறப்பும் பதிவாகின்றன. இல்லறம் வேண்டா என்றார் வாழ்ந்த கட்டடத்தில் இன்று திருமணம் நடைபெறுகின்றது. வானம் இடிந்து வீழ்ந்ததா? ருவான் நகரிலோ 1800 முதலே துறவியர் உறங்கிய கூடம் நகர மன்றமாயிற்று.

'பசுமை' பேசுவாரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும். மாந்தர் உலகில் வெளிவிடும் கரிவளியில் ஏறத்தாழ 7, 8 விழுக்காடு, பைஞ்சுதை என்னும் சிமெண்டின் ஆக்கத்தால் வருவது. நிற்கும் கற்சுவரை வீழ்த்திப் புதுச்சுவர் எழுப்புவார் அக்கணக்கை மறைத்து, மின்விளக்குச் சிக்கனத்தை மட்டும் மேடையில் முழங்குகின்றனர். தடித்த கற்சுவர் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும், பொறி வேண்டா. குறையே இல்லை என்பதன்று. உயர்ந்த கூடங்களைக் குளிர்காலத்தில் சூடாக்குதல் செலவு மிக்கது. கம்பியும் குழாயும் செல்ல வழிகாணுதலும் அரிது. கூரைக்கு வெப்பக்காப்பு இட்டும் சாளரங்களைச் செப்பனிட்டும் அக்குறைகளைக் குறைக்க வல்லார் உளர். அதற்கு அறிவு வேண்டும். இடிப்பதற்கோ காசும் கடப்பாரையும் போதும்.

இனி, பிரெஞ்சு நகராட்சி முறை தமிழ் மண்ணில் விட்டுச்சென்ற புதுவை மேரிக் கட்டடத்தின் நிலை யாது? அது சமயக் கட்டடமன்று. 19-ஆம் நூற்றாண்டில் நகராட்சிக்கென்றே எழுந்தது. பேணுவாரின்றி வலுவிழந்து, 2014 நவம்பர் 29-இல் மழையில் சரிந்து வீழ்ந்தது. பின்பு உலக வங்கிப் பணம் பெற்று, அதே தோற்றத்தில் மீளக் கட்டி 2021-இல் திறந்தனர். முகப்பு அதுவே, பழஞ்சுவர் எங்கே? ஆண்டுதோறும் அதன் கூரையையும் சுவரையும் செப்பனிட்டிருந்தால் ஆகியிருக்கும் தொகை எத்துணை என்று கணக்கிட்டுச் சொல்வார் அங்கு யார் உளர்?