கழற்றத் தெரிகிறது, கேட்க ஆளில்லை

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "என்ஜின்ல இருந்துதானுங்க" என்கிறார்கள். அது எனக்கும் தெரியும். என்ஜினில் எந்த இடத்திலிருந்து என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு பதில் கிடைக்காமல் திருப்பூரில் பட்டறை பட்டறையாக அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வண்டி 2004 மாடல் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி என்ஜின். 1985இல் சிடி 100 வந்ததே, அந்த என்ஜினின் வழிவந்ததுதான். இந்தியாவில் இதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக்கே இருக்க மாட்டார். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி வைத்திருக்கிறேன். ஊத்துக்குளி ரோட்டில் நிட்டிங் யூனிட், மங்கலம் ரோட்டில் தையல் யூனிட். நடுவில் சாம்பிள், லேபிள், பண்டல் எல்லாம் இந்த வண்டியில்தான் போகவேண்டும். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தோண்டித் தோண்டி மூடிய ரோடுகளில் இத்தனை வருடம் என்னைக் கைவிடாத வண்டி.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் டிக் என்று ஆரம்பிக்கும். முறுக்க முறுக்கக் கூடவே வேகமெடுக்கும். பின்னால் பண்டலைக் கட்டிக்கொண்டு பாலம் ஏறினால் பலமாகக் கேட்கும். நன்றாகச் சூடேறிய பிறகு பாதிக்குமேல் குறைந்துவிடும். இவ்வளவையும் ஒவ்வொரு பட்டறையிலும் ஒப்பித்திருக்கிறேன். முழுதாகக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நான் பேசி முடிப்பதற்குள் ஸ்பேனர் கைக்கு வந்துவிடும்.

முதல் பட்டறையில் டாப்பட் என்றார்கள். பீலர் கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்றேன். "கையிலயே தெரியுமுங்க" என்று பதில். இரண்டாவது இடத்தில் டைமிங் செயின், அட்ஜஸ்டர், கைடு ரோலர் என்று ஒரு செட்டே மாறியது. அடுத்த இடத்தில், "வண்டி பழசாச்சுங்கண்ணா, போர் போட்டு பிஸ்டன் மாத்திப்போட்டா சத்தம் போயிருமுங்க" என்றார்கள். போர் போட்டாயிற்று. பிஸ்டனும் ரிங்கும் புதிது. சத்தம் மட்டும் பழையது, அப்படியே இருக்கிறது. ஒரு மாத வீட்டு வாடகைக்குமேல் இதில் போய்விட்டது.

டீக்கடையில் கேட்டால் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், நாக்கிங் அதனால் குறையத்தான் செய்யும். பழைய வண்டியின் ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷரையும் அது என்ன செய்யும் என்பது வேறு கவலை. இந்தச் சத்தத்துக்கு அது பொறுப்பல்ல.

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இடமும் ஒரு நேரமும் உண்டு. கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் பார்க்கவேண்டும். லோடு ஏறும்போது அடிவயிற்றிலிருந்து டொக் டொக் என்று வந்தால் கனெக்டிங் ராடைச் சந்தேகிக்கவேண்டும். ஐடிலிங்கிலும் ஆக்சிலேட்டரை விடும்போதும் சரசரவென்று கேட்டால் டைமிங் செயினாக இருக்கலாம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹெட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால், சத்தம் மேலேயா கீழேயா என்று ஓரளவு பிடிபட்டுவிடும். இதற்குக் கருவி வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், கொஞ்ச நேரம் குனிந்து நின்றால் போதும். புல்லட்டிலும் ஜாவாவிலும் ராஜ்தூத்திலும் கை பழகிய பழைய மெக்கானிக்குகள் இப்படித்தான் செய்தார்கள். பழைய புல்லட்டில் புஷ் ராடை இரண்டு விரலால் திருகிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் சுழலவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. டாப்பட் சரியாக இருக்கிறது என்பதற்கு விரல்தான் சாட்சி.

கடைசியில் என் வண்டியின் நோயைக் கண்டுபிடித்தவர் மெக்கானிக்கே இல்லை. எங்கள் யூனிட்டின் நிட்டிங் பிட்டர். 30 டயா 24 கேஜ் மெஷினில் 2,200 ஊசிக்குமேல் இருக்கும். அதில் ஒன்று உடைந்தாலும் துணியில் நீளமாகக் கோடு விழும், அந்த ரோல் வீண். வரிசையாக மெஷின்கள் ஓடும் இரைச்சலுக்கு நடுவே, எந்த மெஷின் பேச்சு மாறியிருக்கிறது என்று நடந்துகொண்டே கண்டுபிடிக்கிறவர் அவர். ஒருநாள் காலையில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் வந்து நின்றார். எதையும் தொடவில்லை. சுற்றி வந்து கேட்டார். உட்கார்ந்து கேட்டார். பிறகு, சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தைக் காட்டி, "இந்தக் கரியப் பாத்தீங்களா?" என்றார். கொஞ்சம் பனியன் வேஸ்டைச் சுருட்டி, வண்டி சூடாவதற்கு முன்பே சைலன்சர் வாயைச் சில நொடி பொத்தினார். ஹெட்டுக்குக் கீழே புஸ் புஸ் என்று காற்று சீறியது.

சைலன்சர் கேஸ்கெட். ஒரு வளையம். அது நசுங்கிப்போய், இடுக்கு வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் புகையை வெளியே தள்ளும். டாப்பட்டும் அதே கணக்கில்தான் தட்டும், அதனால் காதுக்கு இரண்டும் ஒரே தாளம். சூடேறினால் உலோகம் விரிந்து இடுக்கு கொஞ்சம் அடைபடும், சத்தம் குறையும். பிஸ்டன் ஆட்டமும் சூட்டில் அப்படித்தான் அடங்கும். ஏமாறக்கூடிய சத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லோடு ஏற ஏறப் பலக்கிறது என்று நான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கியிருந்தாலும் அங்கே ஒரு பார்வை போயிருக்கும். கரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் படிந்திருந்தது.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஹெட்டைத் திறக்கவேண்டுமானால் முதலில் சைலன்சரைக் கழற்றியாக வேண்டும். டைமிங் செயின் மாற்றியபோதும் கழற்றினார்கள், போர் போட்டபோதும் கழற்றினார்கள். அந்த வளையம் ஒவ்வொரு தடவையும் அவர்கள் கைக்கு வந்துதான் போயிருக்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி உபயோகிக்கக்கூடாத பொருள். அதையே துடைத்து, திரும்ப வைத்து, இரண்டு நட்டை முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு டீ, ஒரு வடைக் காசு பெறுமா அது? நல்ல நிலையில் இருந்த என் பழைய பிஸ்டன் இப்போது ஒரு பையில் கிடக்கிறது.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டி என்ன பயன்? இது பீஸ் ரேட் ஊர். ஓவர்லாக் அடிக்கிறவருக்கும் காஜா போடுகிறவருக்கும் செக்கிங் பெண்களுக்கும் வேலைக்கேற்ற கூலி உண்டு. பட்டறையிலும் அதே கணக்குதான் நடக்கிறது. செயின் செட் மாற்ற ஒரு கூலி, போர் போட ஒரு கூலி. கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் கூலி கிடையாது. அரைமணி நேரம் காதை வைத்துக் கேட்டு, "ஒண்ணுமில்லீங்க, கேஸ்கெட்தான்" என்று சொல்கிற நேர்மையான ஆளுக்கு அன்றைக்கு என்ன மிஞ்சும்? பாகத்தை மாற்றினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும் என்றால், அவர் மாற்றத்தான் செய்வார்.

வாடிக்கையாளராவது காத்திருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. மற்ற நாளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர் எப்போது பட்டறைக்குப் போவது? ஞாயிறு காலையில் ஊரே பட்டறை வாசலில் நிற்கிறது. பத்து வண்டி உறுமும் இடத்தில் ஒரு வண்டியின் டிக் டிக் யாருக்குக் கேட்கும்? தொழில் பழக வருகிற பையன்களும் குறைந்துவிட்டார்கள். பனியன் கம்பெனிக்குப் போனால் முதல் வாரமே கையில் சம்பளம். பட்டறையில் காது பழக வருடங்கள் ஆகும், அதுவரை கிரீஸ்தான் மிச்சம். அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஆனால் இன்றைக்குக் காது தேர்ந்த பெரியவர்கள் கடையைச் சாத்திவிட்டால் அப்புறம் யாரிடம் போவது?

பட்டறைக்காரர்கள் போர்டில் ஒரு வரி சேர்க்கட்டும். சத்தம் பார்க்க இவ்வளவு என்று தனியாக ஒரு கூலி எழுதட்டும். முந்நூறோ ஐந்நூறோ, பேரம் பேசாமல் கொடுப்பேன். கோளாறு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் கொடுப்பேன். ஞாயிறு கூட்டத்தில் முடியாதென்றால் ஒருநாள் காலையில், ஆறிய வண்டியோடு வருகிறேன்.

எங்கள் யூனிட்டில் பேட்லாக் தைக்கிற தம்பி ஒருவர் போன வாரம் வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறார். டிக் டிக் சத்தம்தான். பிஸ்டன் என்று சொல்லிவிட்டார்களாம், வரும் சனிக்கிழமை சம்பளத்தை அப்படியே கொடுக்கப்போகிறார். கழற்றுவதற்கு முன்னால் சைலன்சர் வாயை ஒருதடவை பொத்திப் பார்க்கச் சொல் என்று அனுப்பியிருக்கிறேன். சொன்னாராம். பார்க்கலாமுங்க என்றார்களாம்.