கடன் வாங்காத தேனிலவு

வங்கியின் இதழில் கடன் வேண்டாம் என்று எழுதுவது, விருந்துக்குப் போன வீட்டில் பத்தியச் சோறு கேட்பதைப் போன்றது. ஆயினும் கேட்டுத்தான் ஆகவேண்டும். வீட்டுக்குக் கடன் வாங்கலாம், படிப்புக்கு வாங்கலாம், தொழிலுக்கு வாங்கலாம். தேனிலவுக்கு வாங்குவது தகாது என்பதே எங்கள் கருத்து. மணமான மூன்றாம் வாரத்தில் வடஇந்தியச் சாலைகளில் நாங்கள் கற்றது அது.

தில்லியில் பணிபுரியும் நாங்கள் இருவரும் முதலில் விரும்பியது ஒரு கடல் கடந்த தீவை. பயண முகவர் கேட்ட தொகை 2,80,000 ரூபாய். "கையில் பணம் இல்லையா? கவலையே வேண்டாம், 24 மாதத் தவணை" என்றார். ஆண்டுக்கு 13 விழுக்காடு வட்டியில் கணக்கிட்டால் மாதத் தவணை 13,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆறு நாள் கடற்கரைக்கு ஈராண்டுக் காலம் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கொடுப்பதை எண்ணித் தயங்கினோம். அந்தத் தயக்கத்திற்கு இன்றளவும் நன்றி செலுத்துகிறோம். 60,000 ரூபாயை ஒதுக்கி, எங்களிடமிருந்த நான்காண்டுப் பழைய சிறு வண்டியைப் பழுது பார்த்து, செப்டம்பர் இறுதியில் சிம்லா வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கிற்குச் சென்று மணாலி வழியாகத் திரும்பத் திட்டமிட்டோம். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பெரியவர்கள், "கல்யாணம் ஆன கையோடு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவானேன்?" என்றார்கள். அவர்களது அச்சம் பொருளற்றதன்று என்பதைப் பின்னர் கண்டோம்.

முதல் நாள் முர்த்தலில் வெண்ணெய் மிதக்கும் பராத்தாவுடன் இனிதே தொடங்கிற்று. நார்கண்டாவுக்கு மேல் ஆப்பிள் பருவம். பெட்டிகளை ஏற்றிய வண்டிகளின் பின்னால் நத்தையாய் ஊர்ந்தோம். சராஹனில் பீமாகாளி கோயிலின் மரக் கோபுரங்கள், கல்பாவில் விடியற்காலையில் கின்னர் கைலாசத்தின் மேல் படரும் ஒளி ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறோம். எங்களுக்கு முக்கியமாகத் தோன்றியது வேறு. வண்டிக்குள் இருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் அடுத்தடுத்து அமர்ந்திருக்கையில், எதிலே செலவழிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதைப் பேசாமல் இருக்க இயலாது. விலை முன்பே கட்டப்பட்ட சுற்றுலாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உணவு, அறை, வண்டி எல்லாம் யாரோ முடிவு செய்தவை. தம்பதியர் சிரித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றால் போதும்.

நாக்கோவைக் கடந்து மலிங் ஓடைப் பக்கம் சென்றபோது மேலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்தன. முன்னே சென்ற லாரி நின்றது, நாங்களும் நின்றோம். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் எங்களுள் ஒருவர் கேட்டார்: "உன் வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் யார் பெயரில் இருக்கிறது?" பார்த்தால், இருவருக்குமே தத்தம் தந்தையார். திருமணம் ஆனவுடன் வங்கிக் கணக்கின் நியமனம் தானே மாறிவிடுவதில்லை. நாம்தான் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். தந்தையார் பெயர் நீடிப்பதில் தவறொன்றுமில்லை. ஆனால் அது இருவரும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கவேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கலாம் என்பதால் பெற்றோரையும் துணையையும் சேர்த்தே எழுத வழியுண்டு. கற்கள் விழும் இடத்தில் பேசவேண்டிய செய்தியா என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக் கூடத்தில் ஒருபோதும் பேசியிருக்க மாட்டோம்.

கி.பி. 996இல் மண்ணால் எழுப்பப்பட்டு இன்றும் நிற்கும் தாபோ மடாலயத்தைப் பார்த்துவிட்டுக் காசாவை அடைந்தபோது, அவ்வூரில் இணையம் இல்லை. இரண்டு நாளாக இல்லையாம். கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வேலை செய்யவில்லை, அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை, பணம் வழங்கும் இயந்திரமும் உறங்கிக்கொண்டிருந்தது. ரெக்காங் பியோவில் நல்ல நிலையில் இருந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே, 'காசாவில் எடுத்துக்கொள்ளலாம்' என்று கடந்து வந்தவர்கள் நாங்கள். கையில் 2,300 ரூபாய். தங்குமிடத்துக்கு இரண்டு இரவு வாடகை பாக்கி. மணாலிப் பக்கம் இறங்கும்வரை வேறு பெட்ரோல் நிலையம் கிடையாது. இங்கேயே கலத்தை நிரப்பியாக வேண்டும்.

அப்போது எங்களுள் ஒருவர் பின் இருக்கையிலிருந்த சமையல் கூடையை இழுத்து, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, கடுகுக்கு அடியிலிருந்து பத்தாயிரம் ரூபாயை எடுத்தார். அது அவருடைய தாயார் வழி வந்த பழக்கம். மற்றவருக்கு முதலில் நிம்மதி, மறுகணமே கோபம். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" "சொல்லியிருந்தால் நார்கண்டாவிலேயே செலவாகியிருக்கும்." இரண்டும் உண்மை. வாதம் இரவு முழுவதும் நீண்டது. நல்லவேளையாக நீண்டது.

ஏனெனில் அன்றிரவுதான் மற்றவை வெளிவந்தன. கடுகுக்கடியில் பணம் வைத்தவருக்குப் படிப்புக் கடன் இன்னும் 3,40,000 ரூபாய் நிலுவை. பெண் பார்க்க வந்தபோதும், நிச்சயதார்த்தத்திலும், அதற்குப் பின்னும் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டவருக்கு இன்னும் மோசமான இரகசியம் இருந்தது. திருமணச் செலவில் கடன் அட்டையில் 1,10,000 ரூபாய் ஏறியிருந்தது. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையாக 5,500 ரூபாய் கட்டிவிட்டு, 'ஒழுங்காகக் கட்டுகிறேன்' என்று எண்ணியிருந்தார். பழைய ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் 3,850 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு வரி 693 ரூபாய். ஆகக் கட்டிய 5,500இல் அசலுக்குப் போனது 957 ரூபாய் மட்டுமே. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையா. இதே நேரத்தில் மொய்ப்பணம் ஒன்றரை லட்சத்தை 7 விழுக்காட்டு வட்டிக்கு வைப்புத்தொகையாகப் போட்டுவைத்து, சேமிக்கிறோம் என்று இருவரும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஏழு விழுக்காட்டை வாங்கிக்கொண்டு நாற்பத்திரண்டைக் கொடுத்திருக்கிறோம்!

இதைப் படிக்கும் புதுமணத் தம்பதியர் சிலர், 'எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது' எனலாம். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வி எழவில்லை, அவ்வளவே. நம் வீடுகளில் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். கடன் நிலுவையைக் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. எங்கள் தேனிலவு தவணையில் வாங்கிய தேனிலவாக இருந்திருந்தால், அந்த 1,10,000, 3,40,000 ஆகியவற்றின் மேல் மூன்றாவதாக 2,80,000 ஏறியிருக்கும். உண்மை எப்போது வெளிவந்திருக்கும்? ஏதோ ஒரு தவணை தவறிய மாதத்தில், இருவரில் ஒருவர் மட்டும் குற்றவாளியாக நிற்கும் நேரத்தில் வந்திருக்கும்.

மறுநாள் 4,500 மீட்டருக்கும் உயரமான குன்சும் கணவாயைக் கடந்தோம். சாலை என்று சொல்லத்தக்க சாலை அங்கே பல இடங்களில் இல்லை. வண்டியின் அடிப்பாகம் கல்லில் உரசும் ஒவ்வொரு முறையும் இருவரும் மனத்துக்குள் பட்டறைச் செலவைக் கூட்டிக்கொண்டோம். மணாலியில் ஆடம்பர விடுதியில் இரண்டு இரவு தங்குவது எங்கள் திட்டத்தின் முடிசூட்டு விழா. அதைக் கைவிட்டோம். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைக் கடந்து கீழே இறங்கி, சாதாரண விடுதியில் ஒரே இரவு தங்கி, தில்லி திரும்பினோம். வருத்தம் இல்லாமலில்லை. எங்களுள் ஒருவர் அந்த விடுதியின் படத்தைக் கைப்பேசியில் இன்னும் அழிக்கவில்லை.

திரும்பிய வாரமே வைப்புத்தொகையைக் கலைத்தோம். முன்கூட்டியே முடித்ததால் வட்டியில் ஒரு விழுக்காடு குறைந்தது. அட்டைக் கடன் முழுவதும் அடைந்தது. எஞ்சியதை இருவர் பெயரிலும் தொடங்கிய கூட்டுக் கணக்கில் இட்டோம். வீட்டுச் செலவுக்கு அக்கணக்கு. சம்பள விகிதப்படி இருவரும் பணம் போடுகிறோம். தனித்தனிக் கணக்குகளையும் மூடவில்லை. எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டுவதே அன்பின் அடையாளம் என்று பேசுவோருடன் எங்களுக்கு உடன்பாடில்லை. தாயாருக்கு மாதம் அனுப்பும் பணத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்கும் நிலை வரக்கூடாது. ஆனால் எங்கே எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியவேண்டும். அஞ்சறைப் பெட்டிப் பணம் இப்போதும் உண்டு. எவ்வளவு என்பது மட்டும் இரகசியமில்லை.

எல்லோரும் வண்டி எடுத்துக்கொண்டு இமயமலைக்குப் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வண்டி இல்லாதோர் அரசுப் பேருந்தில் செல்லலாம். விடுப்பு இல்லாதோர் இரண்டு நாள் ஆக்ராவுக்குப் போய்வரலாம். கையிலுள்ள பணத்தில் போங்கள், செலவை இருவருமாக எழுதுங்கள் என்பதே வேண்டுகோள். மலைக்குச் செல்வோர் போதிய ரொக்கத்தைக் கடைசிப் பெரிய ஊரிலேயே எடுத்துக்கொள்ளட்டும்.

காசாவில் இருந்தபோது, சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள ஹிக்கிம் அஞ்சலகத்துக்குச் சென்று எங்கள் முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை போட்டோம். 1983 முதல் இயங்கும் அவ்வஞ்சலகத்தில் ஊர்மக்கள் சேமிப்புக் கணக்கும் வைத்திருக்கிறார்கள். சண்டை நடந்த மறுநாள் காலை என்பதால் அட்டையில் இனிய சொற்கள் எவையும் இல்லை. அதுவரையான பெட்ரோல் செலவை மட்டும் எழுதியிருந்தோம். இருபத்து மூன்று நாள் கழித்து அது வீடு வந்து சேர்ந்தது. கூட்டலில் நாற்பது ரூபாய் பிழை. யார் கூட்டியது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை.